பள்ளிக்கும் பணியிடத்துக்கும் இடையே: சிறப்புத் தேவையுடைய உயர்நிலை மாணவர்களின் வேலை அனுபவம் – ஜனக்புரியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

மேற்குத் தில்லியில் தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய பெரிய குடியிருப்புகளில் ஒன்று ஜனக்புரி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய இடம். அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் இங்கே நெருக்கமாக இருக்கின்றன. டிஸ்ட்ரிக்ட் சென்டரில் கடைகளும் அலுவலகங்களும் உண்டு. 2014-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டும், நீல வழித்தடமும் மெஜந்தா வழித்தடமும் சந்திக்கும் ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையமும் இப்பகுதியில்தான் உள்ளன. படிக்கும் இடமும் வேலை செய்யும் இடமும் இவ்வளவு அருகருகே இருந்தும், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் இந்தக் கடைகளில் வேலை பழகுவதற்குப் பள்ளி வழியாக உறுதியான ஏற்பாடு எதுவும் இல்லை.

இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தியக் கல்வி வரலாற்றில் ‘வேலை வழிக் கல்வி’ ஓர் ஓடையாகவும் ‘சிறப்புக் கல்வி’ இன்னோர் ஓடையாகவும் ஓடின. உயர்நிலை வகுப்புகளில் இரண்டும் கலந்திருக்க வேண்டும். அங்கே அவை கலக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கைத்தொழிலில் தொடங்கிய சிறப்புப் பள்ளிகள்

காது கேளாதோருக்கான பள்ளி 1880-களில் பம்பாயிலும், பார்வையற்றோருக்கான பள்ளி 1887-இல் அமிர்தசரஸிலும் தொடங்கின. அதற்கடுத்த பத்தாண்டில் பாளையங்கோட்டையில் மிஷனரிகள் இவ்விரு பிரிவினருக்கும் பள்ளிகளை நிறுவினர். எழுத்தறிவோடு கைத்தொழிலும் இத்தகைய பள்ளிகளின் அடித்தளமாக இருந்தது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, நெசவு, தையல், மெழுகுவர்த்தி செய்வது என ஒரு மரபு உருவாயிற்று. தில்லியில் பார்வையற்றோர் நிவாரணச் சங்கம் நடத்தும் தீபாவளி மேளாவில் இந்த மரபை இன்றும் பார்க்கலாம்.

படித்தவர் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்ற அக்கறை இம்மரபின் பலம். மாணவரின் விருப்பத்தைக் கேட்கும் முன்பே அவருக்கான தொழில் முடிவாகிவிட்டது அதன் பலவீனம். வேலையும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நின்றது. ஊரின் கடைகளும் அலுவலகங்களும் இம்மாணவர்களை அறியவில்லை.

பொதுப் பள்ளிக்குள் வந்த வேலை

பொதுக் கல்வியில் வேலைக்கு மையமான இடம் கேட்டவர் காந்தி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டுக்குப் பின் ஜாகிர் ஹுசைன் குழு ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கே அது ஒதுக்கியது.

விடுதலைக்குப் பின் கோத்தாரி ஆணையம் (1964–66) ‘பணி அனுபவம்’ என்ற கருத்தைப் பள்ளிக் கல்வியின் பிரிக்க முடியாத கூறாக முன்வைத்தது. வீடு, பட்டறை, வயல், தொழிற்சாலை என உற்பத்தி நடக்கும் எந்த இடமும் கற்கும் இடமாகலாம் என்பது அதன் பார்வை. அதே அறிக்கை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வியையும் பொதுக் கல்வி அமைப்பின் ஒரு பகுதியாகவே கருதியது. ஆனால் 1986-க்குள் எட்ட வேண்டிய இலக்கு என்று அது குறித்தது, பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உடையவர்களில் 15 விழுக்காடு, அறிவுசார் குறைபாடு உடையவர்களில் 5 விழுக்காடு மட்டுமே. இரு கருத்துகளும் ஒரே அறிக்கைக்குள் இருந்தன. சிறப்புத் தேவையுடைய மாணவருக்குப் பணி அனுபவம் எப்படி அமைய வேண்டும் என்ற திட்டம் மட்டும் அதிலிருந்து பிறக்கவில்லை.

1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே, வேலூரில் பிறந்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியைத் தொழிற்கல்வியோடு இணைக்கும் அறிக்கையைத் தந்தது. செய்து கற்பதே அதன் அடிநாதம். நடைமுறையில் சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணிக்கான பாடவேளை பல பள்ளிகளில் அட்டையும் பசையும் கொண்டு பொம்மை செய்யும் நேரமாகச் சுருங்கியது. மதிப்பெண்ணுக்கு வெளியே நின்ற பாடத்தைப் பெற்றோரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பறைக் கதவு திறந்த காலம்

1974-இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கப் பணம் ஒதுக்கியது. நூல், சீருடை, போக்குவரத்து, வாசித்துக் காட்டுபவர் ஆகியவற்றுக்கு உதவித்தொகை கிடைத்தது. இதற்கு முன்பே, 1968-இல், மும்பையிலும் ஹைதராபாத்திலும் தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் தொடங்கியிருந்தன. பள்ளி கல்வித் துறையிடமும் மறுவாழ்வு மையம் தொழிலாளர் துறையிடமும் இருந்தன. படிப்பை முடித்து வேலை தேடும் நிலையில்தான் ஒருவர் மையத்துக்குப் போனார். படிக்கும்போதே போக வழியில்லை.

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்து, அரசுப் பணியில் 3 விழுக்காடு இடஒதுக்கீடும் அளித்தது. அந்த ஒதுக்கீடு பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடுகளுக்கு மட்டுமே. அறிவுசார் குறைபாடு உடையவர் வகுப்பறைக்குள் உரிமையோடு நுழைந்தார். அரசுப் பணி ஒதுக்கீட்டில் அவருக்கு இடமே இருக்கவில்லை.

இதே காலத்தில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (1989) பலருக்கு மாற்று வழியானது. குறைந்த பாடங்கள், ஐந்தாண்டு அவகாசம், தொழில் பாடத் தெரிவு ஆகியவை உண்மையான நன்மைகள். கூடவே, ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் மாணவரை வழக்கமான வகுப்பிலிருந்து அங்கே அனுப்பிவிடும் பழக்கமும் பள்ளிகளிடையே வளர்ந்தது.

தில்லியில் வந்த திருப்பம்

2009 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், சோஷியல் ஜூரிஸ்ட் அமைப்பு தொடுத்த வழக்கில், அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று ஆணையிட்டது. அதே 2009–10-இல் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென மத்திய அரசின் தனித் திட்டம் வந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் 10 பேருக்கும் அதற்கு மேல் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை நிர்ணயித்தது.

வகுப்பறை இதனால் மாறியது. சிறப்பாசிரியர் தனியே கற்பிக்கும் வள அறையும், ஒவ்வொரு மாணவருக்குமான தனிநபர் கல்வித் திட்டமும் வந்தன. சிபிஎஸ்இ தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழியிலிருந்து விலக்கு, கடினமான பாடத்துக்கு மாற்றுப் பாடம் ஆகியவை கிடைத்தன. இச்சலுகைகள் பெரும்பாலும் தேர்வை நோக்கியே அமைந்தவை. சிறப்பாசிரியரின் உழைப்பும் தேர்ச்சியை நோக்கியே திரும்பியது.

வேலை பழகுவதில் அடங்கியவை

டிஸ்ட்ரிக்ட் சென்டர் போன்ற இடத்தில் ஒரு மளிகைக் கடையில் பிஸ்கட் அடுக்குவதை எடுத்துக்கொள்வோம். பெட்டியைத் திறப்பது, பாக்கெட்டில் தேதியைத் தேடுவது, பழைய சரக்கை முன்னே இழுப்பது, புதியதைப் பின்னே வைப்பது, பெயர் வெளியே தெரியும்படி திருப்புவது, காலிப் பெட்டியை மடிப்பது என அதில் ஆறு படிகள் உண்டு. பயிற்சி தருபவர் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார். முதல் ஐந்தையும் தாமே செய்து, பெட்டியை மடிப்பதை மட்டும் மாணவரிடம் விடுவார். வேலையை முடித்த நிறைவு முதல் நாளே மாணவருக்குக் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சேர்ப்பார். முதலில் கைபிடித்துக் காட்டுவது, பிறகு சைகை, பிறகு படம், இறுதியில் எதுவும் இல்லை என உதவியையும் படிப்படியாகக் குறைப்பார்.

தேதியைப் பார்ப்பது வள அறையில் கற்ற எண்களுக்குப் பயன் தருகிறது. நடுவில் வாடிக்கையாளர் வந்து சர்க்கரை எங்கே என்று இந்தியில் கேட்பதை மட்டும் வள அறையில் உருவாக்க முடியாது. வீட்டில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம், கடையில் இந்தி என்றிருக்கும் தில்லித் தமிழ் மாணவருக்கு அந்த ஒரு கேள்வியே பெரும் பாடம். பயணமும் அப்படித்தான். ஜனக்புரி மேற்கில் நீல வழித்தடம் மேலே தூண்களில் ஓடுகிறது, மெஜந்தா தரைக்கு அடியில் ஓடுகிறது. துவாரகா பக்கமா நொய்டா பக்கமா என்று பார்த்து ஏறவும், தவறி ஏறினால் யாரிடம் கேட்பது என்று அறியவும் அதே நிலையத்தில்தான் பழக முடியும்.

இணைப்பை நோக்கி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அரசுப் பணி ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு முதலியவற்றுக்கு வைத்தது. பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து ‘பையில்லா நாட்களை’ உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பழக ஒதுக்கியது. 2023-இன் கலைத்திட்டச் சட்டகம் தொழிற்கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டு சென்றது.

இரு ஓடைகளும் இப்போதுதான் நெருங்கி வருகின்றன. அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 1990-ஆம் ஆண்டுத் திருத்தம், 16 வயதுக்குள் மாணவரின் தனிநபர் திட்டத்தில் பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான ஏற்பாடும் எழுதப்பட வேண்டும் என்றது. நம் சட்டத்தில் 18 வயது வரை கல்வி உண்டு, அதற்கு மேல் ஒதுக்கீடு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் கடமை யாருக்கும் இல்லை.

முடிவுரை

ஒன்பதாம் வகுப்பிலேயே தனிநபர் கல்வித் திட்டத்தில் பணியிடத்துக்கென ஒரு பகுதி கட்டாயமாக வேண்டும். ஒன்பதில் பல இடங்களைப் பார்ப்பது, பத்தில் வாரம் ஒரு நாள், பதினொன்று பன்னிரண்டில் மாணவர் விரும்பிய இடத்தில் தொடர் பயிற்சி என்று அது வளரலாம். 14 முதல் 18 வயதினரை அபாயகரமான தொழிலில் ஈடுபடுத்தத் தடையுள்ள சட்டத்துக்கு உட்பட்டு, நேர வரம்பும் காப்பீடும் பள்ளியின் கண்காணிப்பும் இதற்கு அவசியம். எந்த வேலையை எவ்வளவு உதவியோடு செய்தார் என்ற பதிவு, மாணவர் பள்ளியை விடும்போது கர்கர்டூமாவிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஜனக்புரியில் இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பள்ளியும் கடையும் மெட்ரோவும் இருக்கின்றன. சிறப்பாசிரியர் பணியிடமும் நீதிமன்ற ஆணையால் வந்துவிட்டது. அவர் வாரத்தில் சில மணி நேரம் மாணவரோடு கடைக்குப் போவதைப் பள்ளியின் கால அட்டவணை பணி நேரமாக ஏற்றுக்கொண்டால் போதும். கோத்தாரி ஆணையம் ஒரே அறிக்கைக்குள் தனித்தனியே எழுதிய இரண்டு பரிந்துரைகளும் அன்று ஒன்றாக நிறைவேறத் தொடங்கும்.