கூட்டுறவு எண்மத் தளங்கள் (விருதுநகர் – சிவகாசி வட்டாரம்)

உழைப்பவர், விற்பவர் அல்லது வாங்குபவர் தாமே பங்குதாரராகி, ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் நடத்தும் செயலியோ இணையதளமோ கூட்டுறவு எண்மத் தளம் எனப்படும். 2014இல் இதற்குப் பெயரிட்டவர் நியூயார்க்கில் பணிபுரியும் ட்ரெபர் ஷோல்ஸ். பெயர்தான் புதிது, விருதுநகர்ப் பக்கம் சங்கதி பழையது.

இதன் முன்னோடி மகமை. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டார நாடார் வணிகர்கள், விற்ற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று தாங்களே பிடித்துப் பொதுநிதியில் போட்டார்கள். வண்டியும் சரக்கும் தங்கிய பேட்டைகள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள் அந்தக் காசில் எழுந்தன. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, மகமையோடு வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியாலும் நடந்தது. இன்றைய தனியார் செயலியும் ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பிடிக்கிறது. அது எங்கோ இருக்கும் முதலீட்டாளருக்குப் போகிறது. மகமையோ கொடுத்தவர் ஊரிலேயே பள்ளிக்கூடமாக நின்றது. கூட்டுறவுத் தளத்தின் சமூகப் பயன் என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாடுதான். மகமை ஒரே சமூகத்தாருக்குள் நின்றது உண்மை. அதனால் அதன் முன்னோடித் தகுதி குறையாது.

சட்டவழிக் கூட்டுறவு பின்னால் வந்தது. ஜெர்மனியின் ரைஃபைசன் கடன் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்து பிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை அரசுக்கு 1895, 1897 ஆண்டுகளில் அறிக்கை தந்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நாட்டின் முதல் வேளாண் கடன் சங்கம் அதே ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் பதிவானது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த ஆண்டில் பிறந்ததே. நெசவாளர் சங்கங்களின் துணியை விற்க 1935இல் கோ-ஆப்டெக்ஸ் அமைந்தது. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு அது பழகிய பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கூட்டுறவுச் சங்கம் பால்கோவா கிண்டி விற்கிறது. அப்பண்டத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தற்போது: கூட்டுறவுச் சங்கப் பொருள்களை விற்கத் தமிழக அரசு 2023இல் கோ-ஆப் பஜார் செயலியைத் தொடங்கியது. அமுல், இஃப்கோ முதலியவை முன்னின்ற, பாரத் டாக்சி என்ற வாடகைக்கார் செயலிக்கான கூட்டுறவுச் சங்கம் 2025இல் பதிவானது.

சிவகாசியின் முதன்மைச் சரக்குக்கு இவற்றில் இடமில்லை. மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடைசெய்தது.