கச்சான் காலத்துக் கடல்நீர்த் தொட்டி: இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள்

குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு முருகைக்கல் தொட்டி வைக்கத் தொடங்குபவர் முதலில் வாங்குவது நீர்சூடாக்கி. ஓட்டமாவடியில் அது அலுமாரிக்குள்தான் கிடக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இங்கே தொட்டியைக் கொல்வது வெக்கை. 25 முதல் 27 பாகை வரை சுகமாக இருக்கும் உயிர்கள், நீர் 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் நிறமிழந்து வெளுக்கும். 1998இல் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, இலங்கைக் கரைகளில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளுத்ததும் இதனால்தான். (பாசிக்குடாவிலிருந்து ஒரு துண்டு உடைத்து வந்து வளர்க்கலாமே என்று எண்ண வேண்டாம். அது சட்டப்படி குற்றம், அந்தக் கரைக்குச் செய்யும் துரோகமும்கூட.)

குறைந்த செலவில் இந்த வெக்கையைக் கவனிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஸ்டிசி-1000 போன்ற சிறிய வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி. மற்றது, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ரீஃப்-பை. இந்தத் திறந்தமூல மென்பொருளை எவரும் இலவசமாக நிறுவலாம்.

பெட்டிக்குத் தெரிந்தது ஒரே வேலை. நீர் குறித்த அளவைத் தாண்டினால் மின்விசிறியைப் போடும், இறங்கினால் நிறுத்தும். அதன் உணரி ஒரு பாகை வரை பிசகலாம். ஆகவே நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டு, அதிலுள்ள திருத்த எண்ணை மாற்றிவைக்க வேண்டும். ரீஃப்-பையோடு வழக்கமாகப் பூட்டும் டிஎஸ்18பி20 உணரியின் பிசகு அரைப் பாகைதான். அதோடு ரீஃப்-பை விளக்கை மெல்ல ஏற்றி இறக்கும், வேண்டிய கரைசல்களை அளந்து ஊற்றும், நேற்றிரவு நீர் எவ்வளவு சூடேறியது என்று கைப்பேசியில் காட்டும்.

ஆனால் ரீஃப்-பையின் உண்மையான பெறுமதி நன்னீர் நிரப்புவதில் இருக்கிறது. 100 லீற்றர் நீரை மின்விசிறியால் ஒரு பாகை குளிர்விக்க ஏறத்தாழ 170 மில்லிலீற்றர் ஆவியாக வேண்டும். கச்சான் உலர்ந்த காற்று என்பதால் விசிறி நன்றாகவே வேலை செய்யும். அதே காற்று நீரையும் குடித்துவிடும். அந்த 100 லீற்றரில் நாளொன்றுக்கு 3 லீற்றர் வற்றினால், ஆயிரத்துக்கு 35ஆக இருந்த உப்பு மறுநாளே 36க்கு மேல். வெப்பத்தைத் தணித்த பெட்டி, உப்பு ஏறுவதை அறியாது. ரீஃப்-பையோ மட்டமறியும் உணரி சொல்வதைக் கேட்டு, இழந்த நன்னீரைச் சிறுகச் சிறுக விடும். மாரியில் காற்று ஈரமாகி விசிறியின் பலன் குறையும், ஆனால் அப்போது வெக்கையும் இராது.

மின்வெட்டு வந்தால் கதை மாறுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தோம். மின்சாரம் திரும்பியதும் பெட்டி தன் அளவுகளை மறக்காமல் தானே வேலையைத் தொடங்கும். ராஸ்பெர்ரி பை அப்படியில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதன் நினைவட்டை கெடக்கூடும். நான்காம் தலைமுறை வரையான பலகைகளில் மின்கலத்தில் ஓடும் கடிகாரமும் கிடையாது. இணையமும் இல்லாத நேரத்தில் உயிர்த்தால், விளக்குகள் நேரம் தப்பி எரியும். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றும், மின்சாரம் போனாலும் தாங்கும் மின்கலமும் சேர்த்தால்தான் அது நம் ஊருக்குப் பொருந்தும். அந்தச் செலவையும் கூட்டித்தான் விலை பார்க்க வேண்டும்.

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே வழியில் போனதைப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். ஒன்று வந்தால் மற்றது நிற்க வேண்டும். வெப்பம், விளக்கு, நீர் எல்லாவற்றையும் ஒரே கணினியிடம் விட்டால் தொட்டியும் அப்படித்தான் ஆகும். எனவே என் தெரிவு: முதலில் பெட்டி, அதனிடம் விசிறி. காசு சேர்ந்ததும் ரீஃப்-பை, அதனிடம் நன்னீரும் விளக்கும். விசிறியைப் பெட்டியிடமிருந்து ஒருபோதும் பிடுங்கக் கூடாது. இரண்டையும் உப்புத்துளி படாத உயரத்தில் பொருத்தி, மின்சாரத்தை ட்ரிப் சுவிட்ச் வழியாக எடுங்கள்.

பொருத்திய பிறகு, ஓர் ஆனி மாத மத்தியானத்தில் தொட்டியின் மின்சாரத்தை அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். எவை தாமாக எழுந்தன, எதற்கு உங்கள் கை தேவைப்பட்டது என்று எழுதிவையுங்கள்.