நூலகருக்கு யார் பாடம் சொன்னார்கள்?

போன மாதம் எங்கள் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கும் ஊர்ப்புற நூலகத்துக்குப் போயிருந்தேன். பழைய பழக்கம், எந்த நூலகத்தைப் பார்த்தாலும் உள்ளே நுழைந்து அலமாரியை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். அங்கே நூலகராக இருக்கும் பெண்ணுக்கு என் மகள் வயது. மேசை மேல் ஒரு செல்பேசி சாய்த்து வைத்திருந்தது, பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. செல்பேசியில் ஒருவர் ஆங்கிலத்தில் நூற்பகுப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

"என்னம்மா, பாடமா?" என்றேன்.

"ஆமா சார், ஸ்வயம்ல. காசு இல்லை சார், சும்மாவே படிக்கலாம்."

அந்த 'சும்மாவே' என்ற சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. முப்பத்தைந்து வருஷம் நூலகத் துறையில் இருந்தவன் நான். எனக்குச் சும்மா கிடைத்த பாடம் ஒன்றுகூட நினைவில்லை. நூலகருக்குப் பாடம் சொல்லும் வழக்கம் எப்படித்தான் வந்தது என்று பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஒரு படிப்பா என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. 1887க்கு முன்னால் உலகம் முழுக்க அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வருஷம் ஜனவரியில் நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி முதல் நூலகப் பள்ளியைத் திறந்தார். நாம் எல்லோரும் அறிந்த தசமப் பகுப்பு முறையைத் தந்த அதே டூயிதான். முதல் வகுப்பில் இருபது பேர், அதில் பதினேழு பேர் பெண்கள். அந்தக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. நிர்வாகக் குழு வகுப்பறை தர மறுத்துவிட, டூயி ஒரு பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்து, கிடைத்த நாற்காலி மேசைகளைப் போட்டுப் பாடம் நடத்தினார். இரண்டே வருஷத்தில் பள்ளியை ஆல்பனி நகரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நூலகர் படிப்பு உலகத்தில் சாமான் அறையில் பிறந்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான் வேலை பார்த்த கிளைகளில் பாதி அப்படிப்பட்ட அறைகள்தான்.

நம் நாட்டுக்கு அது பரோடா வழியாக வந்தது. மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்பவரை வரவழைத்து, 1911இல் பயிற்சி வகுப்பு தொடங்க வைத்தார். 1915இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆசா டான் டிக்கின்சன் என்ற இன்னொரு அமெரிக்கர் வகுப்பு நடத்தினார். இவர் டூயியிடம் படித்தவர்.

சென்னைக் கதை கொஞ்சம் சுவையானது. சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகர் பதவிக்கு ஆள் தேடியது. விண்ணப்பித்தவர்களில் யாரும் நூலகம் படித்தவர்கள் இல்லை. படிக்க இடமும் இல்லையே! சம்பளம் வாத்தியார் வேலையைவிடக் கூடுதல் என்று நண்பர்கள் சொல்ல, ரங்கநாதன் 1924 ஜனவரியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே தனிமை தாங்காமல், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படி அவர் லண்டன் போகாமல் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் எதைப் படித்துப் பரீட்சை எழுதியிருப்போமோ தெரியாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி இருந்தது. பெர்விக் சேயர்ஸ் அங்கே பகுப்பு சொல்லிக் கொடுத்தார். வகுப்பு போதாமல் ரங்கநாதன் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். ஓட்டை போட்ட தகடுகள், திருகு, மறை, அவ்வளவுதான். ஆனால் மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மை செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து வேண்டியபடி பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. கோலன் பகுப்பு முறை அதிலிருந்துதான் பிறந்தது. அச்சில் வந்தது 1933இல். அந்தப் பாடத்தைப் படித்து மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், குற்றவாளி ஒரு பொம்மைக் கடை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்பியவர் தான் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது, அதன் செயலாளர் அவர். அந்த வருஷக் கடைசியில் சிதம்பரத்தில், மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில் தன் ஐந்து விதிகளைப் பற்றிப் பேசினார். 1929இல் சங்கமே ஒரு கோடைப் பள்ளி தொடங்கியது. கோடை விடுமுறையில் என்று வைத்ததற்குக் காரணம் எளிமையானது. கல்லூரி நூலகங்களில் இருந்தவர்களும் ஆசிரியர்களும் அப்போதுதான் வேலையை விட்டு வரமுடியும். 1931இல் பல்கலைக்கழகம் அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டது. 1937இல் அது ஒரு வருஷ முதுநிலைப் பட்டயப் படிப்பாக ஆனது. அதாவது முதலில் வந்தது வேலையில் இருப்பவர்களுக்கான பயிற்சி, பட்டயம் பிறகுதான் வந்தது. இன்று நாம் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1950களில் அவர் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதா பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். அந்தக் காலத்து ஒரு லட்சம் என்ன என்பது இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவையே வாங்கியிருக்கலாம்.

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு பை நூலக வரி. (ரூபாய்க்கு 192 பை என்பதை இளையவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) பிற்காலத்தில் அது ரூபாய்க்குப் பத்து பைசா ஆனது. வரியால் கிளைகள் பெருகின, ஊருக்கு ஊர் நூலகம் வந்தது. ஆனால் நூலகவியல் படித்த ஒருவர் அந்தத் துறையின் இயக்குநர் நாற்காலியில் உட்கார 1972 ஆகிவிட்டது. அவர் சின்னமனூர் வே. தில்லைநாயகம்.

இனி என் காலம். நான் சான்றிதழ்ப் படிப்பு முடித்து மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்தேன். பிறகு அஞ்சல் வழியில் பட்டம். மாதம் ஒருமுறை தபாலில் பாடக் கட்டு வரும். ஸ்டென்சில் வெட்டி உருட்டிய தாள், நடுவில் இரண்டு வரி மங்கிப்போயிருக்கும். கட்டணம் கட்ட வீட்டில் ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்தது. அந்த மனுஷி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் கணினி வந்தது. வெளியூரில் பத்து நாள் பயிற்சி என்று ஒரு சுற்றறிக்கை பார்த்து விண்ணப்பம் போட்டேன். மேலிடத்தில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டா லைப்ரரியை யாரு திறக்கிறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஒருவரே நூலகராகவும் எழுத்தராகவும் பெருக்குபவராகவும் இருக்கும் இடத்தில் வேறு என்ன கேட்பார்? நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஓய்வு பெறும்வரை கணினி முன்னால் உட்காரும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். பக்கத்துக் கிளைப் பையன் ஒருவன்தான் சொல்லிக் கொடுத்தான், அதுவும் வெள்ளிக்கிழமைகளில், அவனுக்கும் எனக்கும் விடுமுறை என்பதால்.

நான் பஸ் ஏறிய அதே காலத்தில் உலகத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியாது. 1999இல் நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சிறு பகுதியின் நூலகங்கள், தங்கள் பழைய மென்பொருள் 2000 பிறந்ததும் படுத்துவிடும் என்று பயந்தன. அந்த ஒய்-டூ-கே பயம் உங்களுக்கும் நினைவிருக்கும். புதிதாக வாங்கப் பணம் பற்றாமல், ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு தாங்களே ஒன்று எழுதிக்கொண்டார்கள். எழுதியதை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதன் பெயர் கோஹா. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். இன்று நம் நாட்டில் எத்தனையோ கல்லூரி நூலகங்கள் அதில்தான் ஓடுகின்றன. ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கோஹாவுக்கே தனிப் பாடவரிசை இருக்கிறது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று சிறு சிறு படங்கள். பார்த்துக்கொண்டே பக்கத்திலேயே செய்து பழக வேண்டும். ஒரு பைசா கிடையாது.

2003இல் அமெரிக்காவில் வெப்ஜங்ஷன் என்று ஒன்று தொடங்கினார்கள். கேட்ஸ் அறக்கட்டளை பணம் கொடுத்தது, ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு நடத்துகிறது. சிற்றூர் நூலகங்களில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஊழியர்களை மனதில் வைத்துச் செய்த பாடங்கள். இப்போது எந்த நாட்டு நூலக ஊழியரும் இலவசமாகப் படிக்கலாம். டூயியின் தசமப் பகுப்பு இன்று இதே ஓ.சி.எல்.சி. கையில்தான் இருக்கிறது. சாமான் அறையில் கிளம்பிய சரக்கு செல்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் குறைவில்லை. இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1989இல் நூலகவியல் பட்டப் படிப்பு தொடங்கியது. அதன் பாடப் புத்தகங்கள் முழுக்க இ-ஞானகோஷ் தளத்தில் கிடக்கின்றன. நான் வளையலை அடகு வைத்துப் படித்ததைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இ-பிஜி பாடசாலையில் முதுநிலைப் பாடங்கள். 2017இல் வந்த ஸ்வயமில் நூலகவியலும் உண்டு. படிப்புக்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்ட வேண்டும். கொரோனா நேரத்தில் தினம் நாலு இணையக் கருத்தரங்கு நடந்தது. கருத்துப் படிவம் நிரப்பினால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து விழும். அப்படி ஐம்பது, அறுபது சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். அவற்றில் எத்தனை பேச்சைக் காதால் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி அந்த நூலகத்துக்குப் போனேன். "எப்போம்மா படிக்கிறே?" என்று கேட்டேன்.

"பசங்க தூங்கினப்புறம் சார், பத்து மணிக்கு மேல. இங்க கூட்டம் இல்லாதப்போ கொஞ்சம். நெட் காசு நம்மதுதான். இங்கிலீஷ் வேகமாப் பேசுறாங்க, அதனால ஒரு பாடத்தை ரெண்டு தடவை பார்ப்பேன்."

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ரங்கநாதனின் நாலாவது விதி. நூலகரின் நேரத்துக்கு அவர் விதி எழுதவில்லை. ஆனால் கோடையில், வேலை இல்லாத நாளில்தான் அவர் பள்ளியை வைத்தார். பாடம் சொல்லும் செலவை யாரோ ஏற்றுக்கொண்டாயிற்று, நல்லது. படிக்கும் நேரத்தின் செலவு மட்டும் இன்னும் இந்தப் பெண்ணின் தூக்கத்திலிருந்து போகிறது. மாதத்தில் ஒரு நாளைப் படிப்புக்கென்று ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் கட்சி. பணியில் இருக்கும்போது இதை நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இப்போது ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். வாரம் இருமுறை சாயங்காலம் போகிறேன். பாடத்தை அவள் ஓட்டுவாள், நான் நிறுத்தச் சொல்லித் தமிழில் விளக்குவேன். கோலன் பகுதி இன்னும் மறக்கவில்லை, எனக்கே வியப்பு. கணினிப் பகுதி வரும்போது அவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். பக்கத்து ஊர் நூலகர் ஒருவரும் வரத் தொடங்கியிருக்கிறார்.

தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில். வெள்ளிக்கிழமைதான் இவர்களுக்கு விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஒரு நாள் விடுப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. நேற்று கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள், "அன்னிக்கு லைப்ரரியை யார் சார் திறக்கிறது?"