விழுப்புரம் கோட்டா

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து தடங்கள் சேர்கின்றன. சென்னை, திருச்சி, மாயவரம், புதுச்சேரி, காட்பாடி. கம்ப்யூட்டர் வராத காலத்தில் இங்கே படுக்கை பதிவு செய்தது எப்படி என்று பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டிக்கும் தேதிக்கும் ஏற்பத் தடித்த ரிஜிஸ்டர்கள், வண்டி கிளம்பும் ஊரில் இருக்கும். வழியில் உள்ள ஸ்டேஷனுக்குச் சில படுக்கைகள் மட்டும் கோட்டா. அதை இங்குள்ள கிளார்க் யாரையும் கேட்காமல் எழுதித் தரலாம். தீர்ந்துவிட்டால் கிளம்பும் ஊருக்குத் தந்தி. "பதில் வந்துச்சா சார்னு மூணு நாள் நடந்தேன்டா" என்பார்.

எனக்கு அது அப்போது வெறும் ஆபீஸ் அலைக்கழிப்புக் கதை.

முதல் வேலையில் ஜாவா. டேட்டாபேஸுடன் பேச அப்பாச்சி கேயென். 1990களில் நெக்ஸ்ட் நிறுவனம் செய்த 'என்டர்பிரைஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃபிரேம்வொர்க்'கின் சிந்தனை வழியில் வந்தது. 2006இல் அப்பாச்சியின் முதல்நிலைத் திட்டமானது. அதில் இரண்டு பொருள்கள் முக்கியம். ரன்டைம் கனமானது: மேப்பிங், கனெக்‌ஷன் பூல், பொதுவான கேஷ் எல்லாம் அதனிடம். அப்ளிகேஷனுக்கு ஒன்று போதும். கான்டெக்ஸ்ட் லேசானது, ஒருவருடைய வேலை மேஜை மாதிரி. மாற்றங்கள் அதிலேயே கிடக்கும், கமிட் செய்தால்தான் டேட்டாபேஸுக்குப் போகும்.

நான் சிக்கனம் பார்த்தேன். ரன்டைமைப் போலவே கான்டெக்ஸ்டையும் ஸ்டாட்டிக்காக ஒன்றே ஒன்று வைத்தேன். டெஸ்டில் நான் ஒருத்தன்தானே, ஓடியது.

கடன் கணக்கு வைக்கும் ஆபீஸ் அது. ஒரு ஊழியர் தொகையில் ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்துவிட்டு, சந்தேகம் வந்து, சேவ் செய்யாமல் ஃபைலைத் தேடப் போனார். பக்கத்து சீட்டில் இன்னொருவர் வேறு யாருடைய விலாசத்தையோ திருத்தி சேவ் அழுத்தினார். கமிட் என்றால் அந்தக் கான்டெக்ஸ்டில் கிடக்கும் எல்லா மாற்றமும் போகும். பூஜ்யமும் போனது. யாரோ ஒருவர் வீட்டுக்குப் பத்து மடங்கு பாக்கி கேட்டுக் கடிதம் போய்விட்டது. அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்று இன்னும் நினைப்பேன்.

அப்போதுதான் கோட்டா புரிந்தது. பொதுச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் கை இன்னொருவர் பக்கத்தில் படாது. (விலையும் உண்டு. விழுப்புரத்துப் படுக்கை காலியாக இருக்க, வேறு ஊரில் ஒருவர் வெயிட்டிங் லிஸ்டில் நிற்பார்.) 1985இல் டெல்லியில் முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. பிறகு டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று தனித்தனி மையங்கள். 1999இல்தான் 'கன்சர்ட்' மென்பொருள் ஐந்தையும் முழுமையாக இணைத்தது. ரிஜிஸ்டர் பொதுவானது. ஆனால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நிரப்பிக்கொண்டிருக்கும் படிவம் அந்தந்தப் பயணிக்கு மட்டும்தான்.

நான் திருத்தியது சில வரிகள். ரன்டைம் ஒன்றே இருக்கட்டும். கோரிக்கை வரும்போதெல்லாம் புதிய கான்டெக்ஸ்ட், வேலை முடிந்ததும் கைவிடு. ஒரே கணக்கை இருவர் திருத்தினால் இரண்டாமவருக்குத் தெரிய ஆப்டிமிஸ்டிக் லாக்கிங்கும் போட்டேன். கடிதம் பெற்றவரிடம் மேனேஜர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். என்னைக் கூட்டிப் போகவில்லை.

பெரியப்பாவுக்குக் கடைசிவரை தந்தி வரவில்லை. அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே போனாராம்.