ஒளிப்பயண நேரக் கேமரா

ஒளிப்பயண நேரக் கேமரா என்பது, தான் உமிழும் அகச்சிவப்பு ஒளி எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணிக்கும் கருவியாகும். ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்வதாலும், போகவும் வரவுமாக அதே தொலைவை இருமுறை கடப்பதாலும், ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைப் பிரித்தறிய ஏழு பிகோ நொடிக்கும் குறைந்த இடைவெளியை அளந்தாக வேண்டும். அதை நேரடியாக அளக்க இயலாத நிலையில், வேறோர் அளவாக மாற்றி அறியும் உத்திகளே இத்துறையை வளர்த்தன.

பிரெஞ்சு இயற்பியலாளர் இப்போலித் ஃபிசோ 1849இல், பாரிசை அடுத்த சுரேனிலிருந்து 8,633 மீட்டர் தொலைவிலிருந்த மோன்மார்த்ருக்கு, 720 பற்கள் கொண்ட சுழல்சக்கரத்தின் பல்லிடுக்கு வழியே ஒளியை அனுப்பி, அங்கிருந்த ஆடியில் பட்டு அதே வழியில் திரும்பச் செய்தார். சக்கரம் நொடிக்கு 12.6 சுற்று சுழன்றபோது, புறப்பட்ட ஒளி திரும்புவதற்குள் அடுத்த பல் வந்து மறித்ததால் ஒளிப்புள்ளி மறைந்தது. வேகத்தை இரட்டித்ததும் அடுத்த இடுக்கில் அது மீண்டும் தெரிந்தது. அவர் கண்ட ஒளிவேகம் நொடிக்கு 3,13,000 கி.மீ. என்றும் 3,15,000 கி.மீ. என்றும் நூல்கள் மாறுபடக் கூறுகின்றன. ஒளியை நொடிக்கு 9,000 முறைக்கு மேல் வெட்டி அனுப்பிய அந்தப் பித்தளைக்கால உத்தி, ஒளியின் செறிவைச் சீராக ஏற்றி இறக்கும் இன்றைய பண்பேற்றத்தின் மூதாதை எனத் தகும்.

1940களில் சுவீடனின் எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட் உருவாக்கிய ஜியோடிமீட்டர், பண்பேற்றிய ஒளியால் நில அளவைத் தொலைவுகளை, ஒரு நேரத்தில் ஒரு புள்ளியாக, அளந்தது.

படம் முழுவதையும் ஒரே வேளையில் அளக்கும் உணரி 1990களில்தான் வாய்த்தது. ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷ்வார்ட்டேயும் சூரிக்கில் பீட்டர் சைட்ஸ் குழுவினரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதில் ஈடுபட்டதால், முதன்மை எவருக்கு என்பது எதை முதல் கருவியாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இவ்வகை உணரியின் ஒவ்வொரு பிக்சலும், ஒளி எழுப்பும் எலக்ட்ரான்களைப் பண்பேற்றத் தாளத்துக்கேற்ப இரு கிண்ணங்களில் மாறிமாறிச் சேர்க்கிறது. கால் சுற்று இடைவெளியில் எடுத்த நான்கு அளவுகளிலிருந்து கட்ட வேறுபாடு, அதாவது சென்ற அலைக்கும் வந்த அலைக்கும் இடையிலான பின்தங்கல், கிடைக்கிறது; இரு கிண்ணங்களிலும் சமமாக விழும் வெயில், கழித்தலில் நீங்கிவிடுகிறது. அதிர்வெண் உயர உயர நுட்பம் கூடினாலும், ஐயமின்றி அளக்கக்கூடிய தொலைவு சுருங்குகிறது. 30 மெகாஹெர்ட்சில் அது 5 மீட்டர் மட்டுமே என்பதால், பல அதிர்வெண்களைச் சேர்த்துக் கையாளும் முறை வந்தது. பொருளின் விளிம்பில் முன்னொளியும் பின்னொளியும் ஒரே பிக்சலில் கலந்து, அந்தரத்தில் மிதக்கும் பொய்ப்புள்ளிகளைத் தோற்றுவிப்பது இன்றும் முழுமையாகத் தீராத குறையாகும்.

மைக்ரோசாப்டின் 2010ஆம் ஆண்டுக் கினெக்ட் இவ்வகையினதாகச் சிலவேளை குறிக்கப்பட்டாலும், அது ஒளிக்கோலத்தை வீசி ஆழம் கண்டது. 512×424 பிக்சல் கொண்ட 2013ஆம் ஆண்டுக் கருவியே ஒளிப்பயண நேரத்தைப் பயன்படுத்தியது. 2017இல் எம்.ஐ.டி.யின் அச்சுதா கடம்பியும் ரமேஷ் ரஸ்கரும், கிகாஹெர்ட்ஸ் பண்பேற்றத்தின் விரைவை உணரி தாங்காது என்பதால், இரு அதிர்வெண்களின் சிறு வேறுபாட்டில் எழும் மெதுவான விம்மலை அளக்கும் வழியை முன்வைத்தனர். 2020இல் வெளிவந்த ஐபேட் புரோவில், ஒளித்துகள்களின் வரவையே நேரடியாகக் கணக்கிடும் உணரி இடம்பெற்றது.