ஆழ்கடலும் 'தகுதி' என்ற சொல்லும்

இடஒதுக்கீடு என்றாலே 'தகுதி, திறமை போய்விடும்' என்பார்கள். இதே சொல்லைக் கடலிலும் கேட்டிருக்கிறோம், தோழர்களே.

1976ஆம் ஆண்டுச் சட்டம் 200 கடல் மைல் வரையிலான கடல்வளத்தின் மீது இந்தியாவுக்கு உரிமை தந்தது. அந்த வளத்தை எடுக்க நம் மீனவர்களிடம் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லி, 1991இல் வந்த ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை கூட்டு முயற்சி என்ற பெயரில் வெளிநாட்டுக் கப்பல்களை அனுமதித்தது.

அந்தக் காலத்திலேயே குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் சிறிய விசைப்படகுகளில் அரபிக்கடலில் பல நாட்கள் தங்கி, தூண்டில் போட்டுச் சுறா பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசு மானியம் கொடுத்து வளர்த்த தொழில் அல்ல அது. அவர்கள் தாமே கற்றது. உழைப்பவரின் அறிவை அறிவாகவே எண்ணாத சமூகத்தில், அது கொள்கை வகுத்தவர்களின் கண்ணில் படவில்லை.

மீனவர்கள் விடவில்லை. 1994இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. உண்ணாவிரதங்கள் தொடர்ந்தன. அரசு அமைத்த முராரி குழு, அந்த அனுமதிகளை ரத்து செய்யுமாறு 1996இல் பரிந்துரைத்தது.

கப்பல்களைத் தடுத்தோம், பார்வையை மாற்ற முடியவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, இதே ஊர்களின் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை.

'தகுதி இல்லை' என்று யாராவது சொன்னால், அதை அளந்தது யார் என்று முதலில் கேட்போம்.