சாந்தா மார்த்தா குழு

மனிதக் கடத்தலை ஒழிக்கக் காவல்துறைத் தலைவர்களும் கத்தோலிக்க ஆயர்களும் இணைந்து செயல்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பு. 2014 ஏப்ரலில் வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் முன்னிலையில் நடந்த கூட்டத்தில் உருவானது. பங்கேற்றோர் தங்கியிருந்த வத்திக்கான் விருந்தினர் இல்லத்தின் பெயரே குழுவுக்கும் அமைந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர் பேரவை இதை முன்னெடுத்தது; அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இருந்த கர்தினால் வின்சென்ட் நிக்கோல்ஸ் தலைமையேற்றார்.

கடத்தப்பட்டோர் பெரும்பாலும் காவலரைக் கண்டால் அஞ்சுவர். மிரட்டலும், ஆவணங்கள் பறிக்கப்பட்ட நிலையும் அவர்களை வாய்திறக்க விடுவதில்லை. ஆனால் கத்தோலிக்க அருட்சகோதரிகளிடம் அவர்களால் மனம் திறக்க முடிகிறது. அந்த நம்பிக்கை வழியே மீட்பும், சாட்சியமும், குற்றவாளிகள் மீதான வழக்கும் சாத்தியமாகின்றன. இதுவே கூட்டமைப்பின் அடிப்படை.

இதே அணுகுமுறையில் 2015-இல் லண்டனில், மீட்கப்பட்ட பெண்களுக்கான பக்கீத்தா இல்லம் திறக்கப்பட்டது. சூடானில் சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட புனித ஜோசபின் பக்கீத்தாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. டுவிக்கன்ஹாமிலுள்ள செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆய்வு மையம் நவீன அடிமைமுறையை ஆராய்கிறது. அவருடைய திருநாளான பிப்ரவரி 8, மனிதக் கடத்தலுக்கு எதிரான பன்னாட்டு இறைவேண்டல், விழிப்புணர்வு நாளாக 2015 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.